மீன் சாகிறது, உலோகமோ என்று சந்தேகம்: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பது

நன்னீர் மீனுக்கு உலோக நஞ்சு என்று சந்தேகம் வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "தண்ணீரில் செம்பு எவ்வளவு?" என்பதுதான். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் செம்பு ஒரு தொட்டியில் மீனை அசைக்காது; இன்னொரு தொட்டியில் விடிவதற்குள் பாதியை மிதக்கவிடும். செம்போடு கூடக் கரைந்திருப்பது என்ன என்பதைப் பொறுத்தது அது.

எல்லாம் செவுளில் நடக்கிறது. நன்னீர் மீனின் உடம்பிலிருந்து சோடியமும் கால்சியமும் ஓயாமல் கசிந்துகொண்டிருக்கும். அதைச் செவுள் வழியாகத் திரும்ப இழுத்துக்கொண்டே இருந்தால்தான் அது பிழைக்கும். செம்பும் வெள்ளியும் சோடியம் நுழையும் வழியை அடைக்கின்றன. காட்மியம், துத்தநாகம், ஈயம் மூன்றும் கால்சியத்தின் வழியில் கை வைக்கின்றன. தண்ணீரில் கால்சியம் தாராளமாக இருந்தால் அது செவுளில் முன்பே துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறது, உலோகம் ஒட்ட இடம் குறைகிறது. கார்பனேட்டும், இலை மட்கி இறங்கிய பழுப்புச் சாறு மாதிரியான கரிமப் பொருளும் வேறு விதமாக உதவுகின்றன: உலோகத்தைத் தண்ணீரிலேயே பிடித்துக் கட்டிவைக்கின்றன. தனியாக அலையும் உலோக அயனிதான் ஆபத்தானது. கட்டுண்டது பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

ஆகவே கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் தேட வேண்டியது இதுதான்: தண்ணீரில் கடைசியாக எது மாறியது?

எதையும் ஊற்றுவதற்கு முன்

காற்றுக்கல்லை முழு வேகத்தில் விடுங்கள், தீனியை நிறுத்துங்கள். அப்புறம் பிஎச், கடினத்தன்மை, காரத்தன்மை, அம்மோனியா, நைட்ரைட் எல்லாவற்றையும் அளந்து எழுதி வையுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலோகம் என்று சொல்லப்படும் சாவுகளில் நிறைய, அம்மோனியாவையோ குளோரினையோ அளக்கத் தவறியதால் அப்படிச் சொல்லப்பட்டவைதான்.

கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கடினத்தன்மை கால்சியம், மக்னீசியத்தின் அளவு. காரத்தன்மை பைகார்பனேட், கார்பனேட்டின் அளவு. சுண்ணாம்புப் பாறை வழியாக வந்த தண்ணீரில் இரண்டும் சேர்ந்தே உயரும் என்பதால் பலர் ஒன்றை அளந்து மற்றதை ஊகித்துவிடுகிறார்கள். சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்கும் கருவி) வழியாக வந்த தண்ணீரில் இந்த ஊகம் கவிழ்ந்துவிடும். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. காரத்தன்மை அப்படியே இருக்க, கடினத்தன்மை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. செம்பைக் கட்டிவைக்க கார்பனேட் இருக்கிறது, ஆனால் காட்மியத்தையும் துத்தநாகத்தையும் செவுளில் தடுக்கக் கால்சியம் இல்லை. கிட் ஜெர்மன் டிகிரியில் காட்டினால் 17.85-ஆல் பெருக்குங்கள், கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும்; கீழே வரும் கடினத்தன்மை, காரத்தன்மை எண்களும் இந்தக் கணக்கில்தான்.

தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் மேலே வந்து வாய் பிளக்கின்றன

முதலில் குளோரின். அது இல்லை என்று உறுதியான பிறகு குழாயைப் பாருங்கள். புதிதாகப் போட்ட செம்புக் குழாய், இரவு முழுக்கத் தேங்கி நின்ற தண்ணீர், கடினத்தன்மையும் பிஎச்சும் குறைந்த தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் காலையில் முதலில் வரும் தண்ணீரில் செம்பு கணிசமாகக் கரைந்திருக்கும். வெந்நீர்க் குழாய் இன்னும் மோசம். "குடிக்கிற தண்ணீர்தானே" என்ற சமாதானம் இங்கே எடுபடாது. குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் செம்புக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்ரோகிராம். மென்மையான, அதாவது கடினத்தன்மை குறைந்த, தண்ணீரில் மீன் கண்டு அஞ்ச வேண்டியது இரண்டு இலக்க மைக்ரோகிராம்.

சோதிக்க இரண்டு பாட்டில் போதும். ஒன்றில் காலையில் குழாயைத் திறந்ததும் வரும் தண்ணீர், இன்னொன்றில் சில நிமிடம் ஓடவிட்ட பிறகு வரும் தண்ணீர். இரண்டையும் செம்புக்குப் பாருங்கள். முதலாவது உயர்ந்தும் இரண்டாவது தாழ்ந்தும் இருந்தால் குற்றவாளி உங்கள் குழாய். இரண்டுமே உயர்வு என்றால் பிரச்சினை அதற்கும் முன்னால் எங்கோ இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உலோகமும் கரிமப் பொருளும் சந்தித்த உடனே கட்டுண்டுவிடுவதில்லை, சில மணி நேரம் பிடிக்கும். அதனால் இப்போதுதான் கலந்த தண்ணீர், ஒரு நாள் நின்ற தண்ணீரைவிட நஞ்சு அதிகம். அளவு ஒன்றாக இருந்தும் நேற்று ஊற்றியது மீனைக் கொன்றது, இன்று ஊற்றியது கொல்லவில்லை என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். மாற்றுத் தண்ணீரைத் தனித் தொட்டியில் காற்றோடு ஒரு நாள் வைத்து எடுப்பது குளோரினுக்கும் செம்புக்கும் சேர்த்தே உதவும்.

பில்டரில் கார்பனைப் புதிதாக மாற்றிய வாரத்தில் இந்த அறிகுறி வந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். கார்பன் கொஞ்சம் செம்பை இழுக்கும் என்பது சரிதான். கூடவே தண்ணீரின் பழுப்பு நிறத்தையும் இழுத்துவிடுகிறது, அதாவது செம்பைக் கட்டிவைத்திருந்த பொருளையே. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர் பார்க்க அழகு. செம்பு விஷயத்தில் மீனுக்கு டீத்தண்ணீர் நிறமே பாதுகாப்பு.

இறாலும் நத்தையும் போய்விட்டன, மீன் நன்றாகத்தான் இருக்கிறது

செம்பு. முதலில் அதைத்தான் தேட வேண்டும். மருந்துப் புட்டியின் லேபிளைப் படியுங்கள், பாசிக்கொல்லியோ ஒட்டுண்ணி மருந்தோ எதில் செம்பு இருக்கிறதென்று பாருங்கள். மீன் நன்றாக இருப்பதை நம்பி அடுத்த டோஸ் போடாதீர்கள்; குஞ்சுகள் இருந்தால் அடுத்து அவைதான். உடம்பு சிறிதாக இருக்கும் உயிருக்கு சோடியம் போக்குவரத்து வேகமாக நடக்கும், அதை அடைத்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

உலோகம்தானா என்று உறுதி செய்ய வேண்டும்

மீனை வைத்துச் சோதிக்காதீர்கள். டாப்னியா (இறாலுக்கு உறவான, மிகச் சிறிய நன்னீர் உயிர்) கிடைத்தால் அதுவே போதும், மீனைவிட நுட்பமாகக் காட்டிக்கொடுக்கும். சந்தேகத் தண்ணீரை மூன்று சிறு குவளைகளில் எடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் கணக்கில் சோடியம் ஈடிடிஏ, இது பல உலோகங்களைக் கட்டிப்போடும். மூன்றாவதில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் சோடியம் தையோசல்பேட், இது குளோரினை முறிக்கும், சில உலோகங்களையும் கட்டும். சில மணி நேரம் நிற்கவிட்டு ஒவ்வொன்றிலும் சில டாப்னியாக்களை விட்டு, ஒரு நாள் இரண்டு நாள் பாருங்கள்.

மூன்றிலும் செத்தால் காரணம் உலோகமல்லாத ஏதோ ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஈடிடிஏ குவளையில் மட்டும் பிழைத்தால் துத்தநாகம், ஈயம், நிக்கல் பக்கம் பாருங்கள். ஈடிடிஏ, தையோசல்பேட் இரண்டிலுமே பிழைத்தால் செம்பு அல்லது காட்மியம். தையோசல்பேட்டில் மட்டும் பிழைத்தால் பெரும்பாலும் குளோரின்; குளோரின் இல்லையென்று முன்பே பார்த்திருந்தால் வெள்ளி. கழிவுநீர் ஆய்வகங்கள் நஞ்சின் அடையாளம் காண முதல் கட்டத்தில் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான், அங்கே குவளைகள் அதிகம், அவ்வளவே. வெள்ளி என்றால் ஒரு வித்தியாசம் உண்டு: கடினத்தன்மையை உயர்த்தி அதிகம் பயனில்லை. குளோரைடும் கரிமப் பொருளும்தான் அதைக் கட்டுப்படுத்தும்.

பாசியைக் கொல்ல மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போட்ட பிறகு குளத்தில் சாவு

எப்போது செத்தன என்பதுதான் இங்கே துப்பு. போட்ட சில மணி நேரத்திலேயே, பகலிலேயே சாவு தொடங்கினால் செம்பு நேராகத் தாக்கியிருக்கிறது. ஓரிரு நாள் கழித்து விடியற்காலையில் கும்பலாகச் செத்தால் அநேகமாக ஆக்சிஜன்: பாசி செத்து அழுகியதில் இரவில் ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். இரண்டாவதற்குக் கால்சியம் சேர்த்து என்ன பயன்? காற்றோட்டம்தான் வேண்டும்.

முதல் வகை என்றால் காரத்தன்மையைப் பாருங்கள். குளங்களில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு, காரத்தன்மையை நூறால் வகுத்தால் வருவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மயில்துத்தம் என்பது. காரத்தன்மை 100 என்றால் 1 மில்லிகிராம். மயில்துத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு செம்பு, ஆக அது 250 மைக்ரோகிராம் செம்பு. கேட்க பயங்கரமாக இருக்கும் இந்த அளவைத் வலுவான மீன்கள் தாங்குவதற்குக் காரணம், அதில் பெரும்பகுதி கார்பனேட்டோடு சேர்ந்து படிந்துவிடுவதும் பாசியும் சேறும் மீதியை விழுங்கிக்கொள்வதும்தான். காரத்தன்மை 50-க்குக் கீழே போனால் இந்தப் பாதுகாப்பு நம்பத்தக்கதல்ல. அங்கே மயில்துத்தமே வேண்டாம் என்பது என் கருத்து. கணக்குப் போட்டுக் குறைத்துப் போடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குளத்தின் கொள்ளளவைச் சரியாகக் கணித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மூலையில் ஒரே இடத்தில் கொட்டினால் அந்த மூலைக்குக் கணக்கே கிடையாது.

கனமழைக்குப் பிறகு, அல்லது அமிலத் தண்ணீர் கலந்த பிறகு

மழைத்தண்ணீரில் கால்சியமும் இல்லை, கார்பனேட்டும் இல்லை. குளத்தின் இரண்டு கேடயங்களையும் ஒரே இரவில் நீர்த்துப்போகச் செய்யும். துத்தநாகம் பூசிய தகரக் கூரையில் விழுந்து வந்த மழை என்றால் கையோடு துத்தநாகத்தையும் கொண்டுவரும்.

இதைவிடப் பெரிய தொல்லை அலுமினியம். மண்ணில் அது எங்கும் இருக்கிறது. நடுநிலைத் தண்ணீரில் கரையாமல் கிடக்கும், பிஎச் 5.5-ஐ ஒட்டி இறங்கினால் கரைந்து எழும்பும். அலுமினியம் செவுளின் மேலேயே படியும், மீன் சளியைச் சுரந்து சுரந்து மூச்சு முட்டும். அப்போதுதான் செத்த ஒரு மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். இழைகள் தனித்தனியாகப் பிரியாமல் வெளுத்த கோழைக்குள் ஒட்டிக்கிடக்கும். ஊசி முனையால் தள்ளினால் நூல் மாதிரி இழுபடும். தண்ணீரில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும் வாய் பிளக்கிறது என்பதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் செவுள் அடைப்பு என்று எழுதிவிடலாம். துத்தநாகம் மிக அதிக அளவில் தாக்கினாலும் செவுள் சேதமாகி இதே மூச்சுத்திணறல் வரும், ஆகவே பிஎச் எண்ணைப் பார்த்துப் பிரித்தறியுங்கள்.

பிஎச் இறங்கினால் எல்லா உலோகமும் மோசமாகும் என்பது பாதிதான் உண்மை. அமிலத் தண்ணீரில் தனி அயனியின் பங்கு கூடும், சேற்றிலிருந்தும் உலோகம் கிளம்பும். ஆனால் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியும் கால்சியத்தைப் போலவே செவுளில் இடத்துக்குப் போட்டியிடுகிறது. அதனால் அளவு மாறாத காட்மியமோ துத்தநாகமோ கொஞ்சம் அமிலமான தண்ணீரில் குறைவாகவே தாக்குவதும் உண்டு.

சரிசெய்யப் போய் நிலைமை இன்னும் மோசமானது

பிஎச்சை உயர்த்திய பிறகு சாவு கூடினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று அம்மோனியா. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7-இல் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் நஞ்சான வடிவில் இருக்கும். பிஎச் 8-இல் ஐந்து சதவீதத்தைத் தாண்டும், 9-இல் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டும். செம்பை அடக்கப் போய் அம்மோனியாவை அவிழ்த்துவிட்ட கதை இது. பிஎச்சை உயர்த்தச் சமையல் சோடா போடும் முன் அம்மோனியா அளந்தே தீர வேண்டும்.

மற்றது அலுமினியம். அமிலத் தண்ணீரும் நடுநிலைத் தண்ணீரும் சேருமிடத்தில் கரைந்திருந்த அலுமினியம் கட்டிகட்டியாகத் திரளத் தொடங்கும். அந்தத் திரளும் நேரத்தில்தான் அது செவுளுக்கு மிகக் கொடியது. நார்வேயின் சால்மன் ஆறுகளில் இது நன்றாகப் பதிவானது: அமிலக் கிளையாறு சுண்ணாம்பிட்ட ஆற்றோடு கலந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு ஆறுகளிலும் தனித்தனியாகப் பிழைத்த மீன்கள் செத்தன. ஆகவே மீன் இருக்கும் தொட்டியிலேயே சுண்ணாம்பைக் கொட்டாதீர்கள். தனித் தொட்டியில் சரிசெய்து, திரண்டு படியவிட்டு, தெளிந்ததை எடுங்கள்.

நிதானமாகச் சரிசெய்யும் கணக்கு இது. 1000 லிட்டர் தண்ணீரில் கடினத்தன்மையை 50 மில்லிகிராம் உயர்த்த ஏறக்குறைய 86 கிராம் ஜிப்சம். அது மெதுவாகத்தான் கரையும், பிஎச்சை அசைக்காது. அவசரம் என்றால் கால்சியம் குளோரைடு, நீரேறிய வகையில் சுமார் 74 கிராம், உடனே கரையும். காரத்தன்மையை 50 உயர்த்த சமையல் சோடா 84 கிராம், இது பிஎச்சையும் கொஞ்சம் தூக்கும். செம்பு அடித்த மீனுக்கு லிட்டருக்கு 1 கிராம் உப்பும் ஆறுதல், இழந்த சோடியத்தை மீட்க உதவும். எதுவானாலும் பகுதி பகுதியாக, ஒரு நாளில் பரப்பி. மீன் குஞ்சுகள் இருந்தால் இன்னும் மெதுவாக.

பழைய மீன்கள் நலம், புதிதாக விட்டவை மட்டும் சாகின்றன

நோய் என்று எண்ணித்தான் பெரும்பாலும் மருந்து போடுவார்கள். அதற்கு முன் புது மீன் எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்று கேளுங்கள். குறைந்த அளவு உலோகத்தோடு வாரக்கணக்கில் வாழும் மீன் அதற்குப் பழகிக்கொள்கிறது. செவுளின் சேதத்தைச் சரிசெய்துகொண்டு சோடியத்தை மறுபடி பிடித்துவைக்கக் கற்றுக்கொள்கிறது. கடினத் தண்ணீரில் வளர்ந்து நேராக மென்மையான தண்ணீரில் இறங்கிய மீனுக்கு அந்த அவகாசமே இல்லை. அதே தண்ணீர், அதே செம்பு, வேறு முடிவு. பழைய மீன் பிழைத்திருப்பதைத் தண்ணீர் நல்லது என்பதற்குச் சாட்சியாக எடுக்கக் கூடாது.

செவுளின் நிறம் மாறியிருக்கிறது

சாக்லேட் பழுப்பு என்றால் நைட்ரைட். இரத்தமே நிறம் மாறியிருக்கிறது, உலோகத்துக்குச் சம்பந்தமில்லை. உப்பின் குளோரைடு உதவும். துருவின் ஆரஞ்சு, தொட்டால் விரலில் ஒட்டுகிறது என்றால் இரும்பு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வெளியே வரும்போது தெளிவாக இருக்கும், காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகத் திரளும். அது உங்கள் தொட்டியில் திரளாமல் அதற்கு முன்பே, வேறொரு தொட்டியில் காற்றடித்துத் திரளவிட்டு வடிகட்டுங்கள்.

சாவு இல்லை, ஆனால் ஏதோ சரியில்லை

தீனி பக்கத்தில் விழுந்தாலும் மீன் கவனிக்கவில்லை, கண்ணால் பார்த்தால் மட்டும் வருகிறது என்றால் செம்பைச் சந்தேகப்படலாம். கொல்லும் அளவுக்கு வெகு கீழேயே அது மோப்ப உணர்வை மழுங்கடிக்கும். முதுகு வளைவதும் வால் பக்கம் கறுப்பதும் சேர்ந்து வந்தால் நாள்பட்ட ஈயம். டிரவுட் மீனில் இது கிட்டத்தட்ட முத்திரை. வளைவு மட்டும் என்றால் வைட்டமின் சி குறைவு முதல் பிறவிக் கோளாறு வரை ஒரு பெரிய பட்டியல் உண்டு, உலோகத்தின் தலையில் கட்ட வேண்டாம்.

பாதரசமும் செலீனியமும் (இதை உலோகம் என்பது சரியல்ல, ஆனாலும் இந்த வரிசையில்தான் வந்து நிற்கும்) வேறு ரகம். அவை தீனி வழியாக ஏறுபவை. செலீனியம் தாயிடமிருந்து முட்டைக்குப் போய்க் குஞ்சை ஊனமாக்கும். கடினத்தன்மையை உயர்த்தி இவற்றை அடக்க முடியாது, இந்தக் கட்டுரையின் கருவிகள் எதுவும் அங்கே வேலைக்காகாது.

ஆய்வக ரிப்போர்ட்டில் உலோகம் அதிகம், மீனுக்கு ஒன்றுமில்லை

மொத்த உலோகமா, கரைந்த உலோகமா என்று பாருங்கள். வடிகட்டாத மாதிரியில் களிமண் துகளோடு ஒட்டியதும் சேர்ந்து வரும். 0.45 மைக்ரான் வடிகட்டியில் எடுத்ததுதான் மீனுக்கு நெருக்கமான எண். அதிலும் கரிமத்தோடு கட்டுண்டதுதான் பாதிக்கு மேல் இருக்கலாம்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பழைய கணக்கில் கரைந்த செம்பின் குறுகியகால எல்லை கடினத்தன்மை 25-இல் சுமார் 3.6 மைக்ரோகிராம், 50-இல் 7, 100-இல் 13, 200-இல் 26. எட்டு மடங்கு கடினத்தன்மைக்கு ஏழு மடங்கு எல்லை. 2007-இல் அந்த முகமை செம்புக்குக் கடினத்தன்மையை மட்டும் வைத்துக் கணிப்பதை விட்டு, பிஎச், கரிமம், சோடியம் எல்லாம் சேர்த்து, செவுளில் எவ்வளவு உலோகம் ஒட்டும் என்று கணிக்கும் கணித மாடலுக்கு மாறியது. உங்கள் தண்ணீர் பழுப்பாக இருந்தால் மேலே சொன்ன எண்கள் உங்களை வீணாகப் பயமுறுத்தும். தெளிந்த மலை ஓடை என்றால் வீணாக ஆறுதல் தரும்.

ரிப்போர்ட்டில் எதுவும் இல்லை, மீன் செத்துக்கொண்டிருக்கிறது

மாதிரி எப்போது எடுத்தது? சாவு நடந்து இரண்டு நாள் கழித்து எடுத்த தண்ணீரில் செம்பு சேற்றுக்குள் போயிருக்கும். மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச்சை 2-க்குக் கீழே இறக்கினார்களா? இல்லையென்றால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டியிருக்கும், கருவிக்குப் போனது மீதி மட்டும்.

அப்புறம் ரிப்போர்ட்டில் உள்ள கண்டறியும் எல்லையை, அதாவது கருவியால் காண முடிந்த மிகக் குறைந்த அளவை, படியுங்கள். தொட்டிக்கான வண்ண கிட் பலவற்றின் முதல் வண்ணப் படியே மென்மையான தண்ணீரில் ஆபத்தான அளவைத் தாண்டித்தான் தொடங்குகிறது. ஆய்வகமும் அப்படித்தான் சில நேரம். காட்மியத்துக்கு அதே முகமையின் 2016 எல்லை, கடினத்தன்மை 100-இல் 1.8 மைக்ரோகிராம், மென்மையான தண்ணீரில் டிரவுட் சில மைக்ரோகிராமிலேயே செத்துவிடும். ஆய்வகத்தின் கண்டறியும் எல்லை 5 மைக்ரோகிராம் என்று போட்டிருந்தால், "காட்மியம் கண்டறியப்படவில்லை" என்ற வரியை அடித்துவிட்டு, இன்னும் நுட்பமான கருவியில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.